ஜிங்கிள்ஸ் செய்த சிகிச்சை

நியூயார்க்கில் குழந்தைகளின் மனக்கோளாறுகளுக்குச் சிகிச்சை செய்துவந்த போரிஸ் லெவின்சன் என்னும் உளவியல் அறிஞர் ஒரு நாள் தம் அறையில் எழுதிக்கொண்டிருந்தபோது, எவரோடும் ஒட்டாமல் தனக்குள்ளேயே ஒடுங்கிப்போயிருந்த ஒரு சிறுவனை அழைத்துக்கொண்டு, அவனுடைய பெற்றோர் குறித்த நேரத்துக்கு வெகு முன்னதாகவே வந்துவிட்டார்கள். அவர் காலடியில் கிடந்த ஜிங்கிள்ஸ் என்ற நாய் எழுந்தோடிப்போய்ச் சிறுவனை நக்கிற்று. அவனோ அஞ்சி விலகாமல் அதை அணைத்துத் தடவலானான். பதறிப்போய் இருவரையும் பிரிக்க முற்பட்ட பெற்றோரை லெவின்சன் தடுத்துவிட்டார். அதன்பின் அந்த நாயோடு விளையாடுவதற்கென்றே சிறுவன் வரத் தொடங்கினான். நாயின்மேல் வைத்த பிரியம் மெள்ள மெள்ள அதை வளர்ப்பவர்மேலும் படர்ந்து, சிகிச்சைக்கு வழி பிறந்தது. 1961இல் அமெரிக்க உளவியல் சங்கத்தாரிடம் இதை அவர் எடுத்துரைத்தபோது, கட்டணத்தில் நாய்க்கு எவ்வளவு பங்கு என்று கேட்டுச் சிரித்தவர்களும் உண்டு. இன்றோ எத்தனையோ தேசங்களில், மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் பள்ளிக்கூடங்களிலும், பயிற்சி பெற்ற நாய்கள் நோயாளியின் கட்டிலருகே சென்று தலை சாய்த்து நிற்கின்றன.

கல்வியும் கருணையும் நிறைந்த வைத்தியருக்குத் திறவாத நெஞ்சம் ஒரு விலங்குக்குத் திறந்தது எதனால்? நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நோக்கும்போது இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் என்னும் சுரப்பு மிகுவதாக ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 2015இல் கண்டறிந்தனர். அது மெய்யே, ஆயினும் அது உடலில் நிகழ்வதைச் சொல்லுகிறதேயன்றி, நாய்க்கு மட்டும் அந்த நெஞ்சம் இசைந்த காரணத்தைச் சொல்லவில்லை.

அந்தக் காரணம் வேறோர் இடத்தில் எனக்குப் புலப்படுகிறது. அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில், வாசிக்கத் திணறும் குழந்தைகளை நாயின் பக்கத்தில் உட்காரவைத்துப் புத்தகம் படிக்கச் செய்யும் ஏற்பாடு 1999இல் தொடங்கிற்று. எழுத்துக்கூட்டித் தடுமாறும் குழந்தைக்குப் பக்கத்தில் இருப்பவர் எத்துணை அன்புடையவராயினும், அடுத்த சொல்லைச் சரியாகச் சொல்லிவிடுவானா என்ற எதிர்பார்ப்பு அவர் முகத்தில் தெரிந்துவிடுகிறது; குழந்தையின் நாவைக் கட்டுவது அந்த எதிர்பார்ப்பேதான். நாய் பிழையை அறியாது; ஆகையால் பிழைத்தவனையும் அறியாது. கற்றறிந்த அந்தணனையும் பசுவையும் யானையையும் நாயையும் ஞானி சமமாகக் காண்கிறான் என்று கீதையின் ஐந்தாம் அத்தியாயம் கூறுகிறது. அங்கே காணப்படும் பொருளாக நின்ற நாய், இங்கே, குழந்தையின் பக்கத்தில், தானே சமமாகக் காண்பதாகி நிற்கிறது.

வேற்றுமையை அறிந்து கடந்தவனுடைய சமநோக்கும், வேற்றுமையை அறியவே மாட்டாத பிராணியின் சமநோக்கும் ஒன்றாகுமா என்று வேதாந்தம் பயின்றவர் கேட்கலாம். ஒன்றல்ல என்பதே என் துணிபு. எனினும் நாயை அறிவற்ற ஜடமென்றும் நான் கொள்ளமாட்டேன். குரலின் கடுமையையும் கையின் இதத்தையும் அது நன்றாகப் பிரித்தறிகிறது. நாம் வகுத்துக்கொண்ட உயர்வு தாழ்வுகளை மட்டுமே அது அறியாது; அவமானத்தால் ஒடுங்கியவனுக்கு அதுவே போதுமான மருந்தாகிறது.

இவ்வளவு பெற்றுக்கொண்ட நாம் அந்த ஜீவனுக்கு என்ன கடன்பட்டிருக்கிறோம் என்ற கேள்வியே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. குற்றம் செய்யாத தன் குட்டி அடிபட்டதற்கு நியாயம் கேட்டு வந்த சரமை என்னும் தாய்நாயை ஆதிபர்வத்திலேயே நிறுத்திய மகாபாரதம், தன்னை நம்பி உடன்வந்த நாயை விட்டுச் சுவர்க்கம் புக மறுத்த யுதிஷ்டிரனை முடிவில் காட்டுகிறது. அந்த நாய் தர்மதேவதையே என்று பின்னர் வெளிப்பட்டதைத்தான் நம்மவர் வியந்து பேசுகிறார்கள். அவன் மறுத்தபோது அது அவனுக்கு வெறும் நாய். அவன் பெருமையெல்லாம் அதில்தான் இருக்கிறது. திருவண்ணாமலையில் ரமண மகரிஷி ஆசிரமத்து நாய்களுக்கு முதலில் சோறிடச் செய்ததும், ஜாக்கி என்ற நாய்க்கு அங்கே சமாதி எழுந்ததும் இந்த வழிவந்த செயல்களே.

சிகிச்சைக்கு வரும் நாயும் களைத்துப்போகிறது. அந்நியர் பலருடைய கைகள் தொடர்ந்து தடவும்போது அது அடிக்கடி கொட்டாவி விடும், உதட்டை நக்கிக்கொள்ளும், முகத்தை அப்பால் திருப்பும். வாயற்ற ஜீவன் வேண்டாமென்று சொல்லும் விதம் அதுதான். அதைக் கண்டும் காணாததுபோல் இருப்பவர், துணையாக வந்ததைக் கருவியாக்கிவிடுகிறார். ஆகவே, நாயைக் கூட்டிச்செல்லும் அன்பர்களும் அதை வரவேற்கும் மருத்துவமனையாரும், அது முகத்தைத் திருப்பிய மாத்திரத்தில், நோயாளி இன்னும் சிறிது நேரம் வேண்டுமென்று கேட்டாலும், அன்றைய பணியை அவ்வளவில் நிறுத்தி அதை வெளியே அழைத்துப்போய் இளைப்பாறவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.