துப்பாக்கியும் துணிவும்

பினாங்குத் துறைமுகத்தருகே கார்ன்வாலிஸ் கோட்டையில், 1603ஆம் ஆண்டில் வார்க்கப்பெற்ற செரி ரம்பாய் என்னும் பீரங்கி இருக்கிறது. பிள்ளைவரம் வேண்டி அதற்கு மலர் வைத்த மாதரும் உண்டு. படைக்கலத்தை அஞ்சித் தொழுதல் ஒன்று. அறிந்து ஏந்துதல் வேறொன்று.

1943 அக்டோபரில் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பெற்றது. மலாயாத் தோட்டங்களில் பால்வெட்டும் கத்தி பிடித்த தமிழ்ப் பெண்கள் பலர், கேப்டன் லட்சுமியின் தலைமையில் முதன்முதலாகத் துப்பாக்கி பயின்றனர். துப்பாக்கியா அவர்க்கு வீரம் தந்தது? அன்று என்போம் நாம். துரைக்கும் கங்காணிக்கும் குனிந்த தலை, "படையிற் சேர்வேன்" என்று சொன்னபோதே நிமிர்ந்துவிட்டது. துப்பாக்கி பின்னரே கைக்கு வந்தது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. அப்போரில் எதிரணியில் நின்றவருள்ளும் இந்தியச் சிப்பாய்கள் பலர். குண்டு உறவறியாது, ஏந்துவோர் நெஞ்சந்தான் அறிதல் வேண்டும்.

இன்று இந்நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். உரிமத்தை அரசு தரலாம். அடக்கத்தை யார் தருவார்? விசையினின்று விரலை விலக்கி வைத்தல் துப்பாக்கி பயில்வோர்க்கு முதற்பாடம். சினத்தினின்று மனத்தை விலக்கப் பழகாதார்க்கு அப்பாடம் பயன்படாது. அவர் கையில் துப்பாக்கி இல்லாதிருத்தலே ஊருக்கு நலம்.