உடலுள் ஓர் இலக்கம்

தனு, கரணம், புவனம், போகம் ஆகியன உயிருக்கு இறைவன் அளித்தவை என்பது சைவ சித்தாந்தம். அத்தனுவினுள் அரிசிமணியளவான கணனிச் சில்லைப் பதித்து, 16 இலக்க எண்ணால் நோயாளியின் மருத்துவக் குறிப்பை வைத்தியர் அறிவதற்கு 2004 இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது.

இதிலென்ன பிழை? நெஞ்சில் இதயத்துடிப்புக் கருவி பொருத்திய அடியார்களும் தேர்வீதியில் வலம் வருகிறார்களே!

ஆனால் 2007 இல் புளோரிடாவில் மறதிநோயாளருக்கு அச்சில்லைப் பதிக்க முற்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. தன் பெயரையே மறந்த முதியவர் எதற்கெனச் சம்மதிப்பார்? பிள்ளைகள் ஒப்பமிடலாம் (அதில் பிள்ளைகள் என்றும் விரைவானவர்களே). வழிதவறிப் போனவரை அச்சில்லு தேடித் தராது. கண்டெடுத்தவரிடம் அதனை வாசிக்கும் கருவியும் இருக்கவேண்டும். பெயர் பொறித்த கைவளையமும் அதே உதவியைச் செய்யும். பிடிக்காவிடில் முதியவர் அதனைக் கழற்றி எறியவும் கூடும்.

எவரையும் கட்டாயப்படுத்திச் சில்லுப் பதிப்பதை விஸ்கொன்சின் மாநிலம் 2006 இலேயே சட்டத்தால் தடுத்துவிட்டது.