கோளும் தலைமையும்



சோதிடம் வேதாங்கம் ஆறனுள் ஒன்று. கிரியைகளுக்கும் விழாக்களுக்கும் உரிய காலத்தை அளந்துகொள்ளுதற்பொருட்டு நம் முன்னோர் அதனைப் போற்றினர். யாழ்ப்பாணத்தரசர் காலத்திலே செகராசசேகரமாலை என்னுஞ் சோதிடநூல் இயற்றப்பட்டமையும் கற்றோர் அறிந்ததே. ஆதலால் அக்கலையை இகழ்தல் நம் கருத்தன்று. காலத்தை அளத்தற்கு அமைந்த கோலைக்கொண்டு மனிதருடைய தகுதியை அளக்கப் புகுதல் தகுமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இக்காலத்திலே கந்தோர்களிலும் வங்கிகளிலும் தொழிற்சாலைகளிலும் ஒரு பேச்சு வழங்குகின்றது. சிங்கராசியார் ஆளப் பிறந்தவர் என்பர். மேடராசியார் எதிலும் முன்னிற்பர் என்பர். மகரராசியார் மெல்ல ஏறி மேற்பதவியை அடைவர் என்பர். மீனராசியார் கனவு காண்பாரேயன்றிக் கட்டளையிடார் என்பர். இது வேடிக்கைப் பேச்சாய் ஒழியின் குற்றமில்லை. தலைமைக்கு ஒருவரைத் தெரிந்தெடுக்கும் இடத்தில் நுழையுமாயின் இருவருக்குத் தீங்கு விளைகின்றது. பல்லாண்டு பழுதின்றி உழைத்த ஒருவர் விலக்கப்படுகின்றார். அவர் செய்த குற்றம் பிறந்த நாழிகையேயன்றி வேறில்லை. மற்றொருவர், தலைமைக்குரிய இராசி தமக்கில்லை என்று தாமே எண்ணி, வந்த பொறுப்பை ஏலாது பின்னிற்கின்றார். முன்னையது பிறர் செய்யும் அநீதி. பின்னையது தமக்குத் தாமே செய்யும் அநீதி. இவற்றுட் பின்னையதே கொடிது. அதனை எடுத்து முறையிடுதற்கு ஓரிடமும் இல்லையன்றோ!

முதலிற் கணிதத்தை நோக்குவாம். மேனாட்டார் வசந்தகாலத்துச் சமவிரவு நிகழும் புள்ளியிலிருந்து இராசிகளை எண்ணுவர். நாம் நட்சத்திரமண்டலத்தை நிலைக்களனாகக்கொண்டு எண்ணுவோம். இவ்விரண்டுக்கும் இன்று ஏறக்குறைய 24 பாகை வேறுபாடு உண்டு. ஆகஸ்ட் மாதம் 1 ஆந் திகதி பிறந்தவனை மேனாட்டுக் கணிதம் சிங்கராசியான் என்னும். நம் கணிதப்படி அன்று சூரியன் நிற்பது கர்க்கடகத்தில். அன்றியும், மேனாட்டுப் பத்திரிகைப் பலன் சூரியன் நின்ற இராசியைக் கொள்வது. நாம் சன்மராசி என்பது சந்திரன் நின்ற இராசியை. ஆகவே ஒரே மனிதன் காலையில் ஒரு பத்திரிகையைப் படித்து ஆளப் பிறந்தவனாகவும், மாலையில் மற்றொன்றைப் படித்து ஏவல் கேட்கப் பிறந்தவனாகவும் ஆகின்றான். சந்திரன் ஓரிராசியைக் கடக்க ஏறக்குறைய 2¼ நாள் செல்லும். அந்த 2¼ நாளில் உலகெங்கும் பிறக்கும் குழந்தைகள் யாவருக்கும் சன்மராசி ஒன்றே. அவர் யாவரும் தலைவராயின், அவர் சொற்கேட்டு நடப்பவர் யாவர்?

"இராசி ஒன்றே போதாது, இலக்கினமும் பத்தாமிடமாகிய கருமத்தானமும் பார்த்தல் வேண்டும்" என்று சிலர் கூறுவர். முழுச் சாதகத்தையுங் கொண்டு மனிதனுடைய குணத்தை அறியலாமோ என்னும் பரீட்சையை மேனாட்டுச் சோதிடர் 28 பேரைக்கொண்டு கார்ல்சன் என்பவர் நடத்தி, 1985 ஆம் ஆண்டு 'நேச்சர்' என்னும் விஞ்ஞானப் பத்திரிகையில் வெளியிட்டார். ஒரு சாதகமும் மூவருடைய குணவிவரமுங் கொடுத்து, சாதகத்துக்குரியவரின் விவரம் யாதென வினாவியபோது, அவர்கள் சரியாகக் கண்டது மூன்றிலொரு பங்கே. திருவுளச்சீட்டு எடுத்தாலும் அவ்வளவே கிடைக்கும்.

அங்ஙனமாயின், இராசிப்பலன் நமக்குப் பொருந்துவதுபோலத் தோன்றுதல் எதனாலெனின், கூறுதும். 1948 ஆம் ஆண்டு அமெரிக்காவிலே போரர் என்னும் ஆசிரியர் தம் மாணவர் 39 பேருக்கும் தனித்தனியே குணவிவரம் எழுதியதாகச் சொல்லிக் கொடுத்தார். பொருத்தத்துக்கு 5 புள்ளியில் எத்தனை கொடுக்கலாம் என்று வினவ, அவர்கள் சராசரியாக 4.26 கொடுத்தனர். பின்னர்ப் பார்த்தால் யாவருக்குங் கொடுக்கப்பட்டது ஒரே விவரம். கடையில் விற்ற சோதிடப் புத்தகத்திலிருந்து பெரும்பாலும் எடுக்கப்பட்டது! புகழ்ச்சி கலந்த பொதுச்சொல் யாவருக்கும் பொருந்தும். எல்லார்க்கும் அளவான சட்டை ஒருவர்க்கும் அளந்து தைத்ததன்று.

இனி நம் சித்தாந்தத்தை நோக்குவாம். வினை சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூவகைப்படும். கோள்கள் காட்டுவதாகச் சொல்லப்படுவது முன்செய்த வினையின் பயனாகிய பிராரத்தத்தையே. அதனைக் கூட்டுபவன் இறைவன். கோள்கள் அவன் ஆணைவழி நிற்பன. இன்று நாம் செய்யும் செயலோ ஆகாமியம். கீழுள்ளவரிடம் இன்சொற் கூறுவதும், பிறருழைப்பின் புகழைத் தான் கொள்ளாது அவர்க்கே ஈவதும், தவறு நேர்ந்தவிடத்துப் பழியைத் தான் ஏற்பதும் அவ்வவ்வேளையில் ஒருவன் தெரிந்து செய்வன. தலைமை என்பது இச்செயல்களின் தொகுதியேயன்றி வேறன்று. ஆகவே அதனைப் பிறந்தநாளிலே தேடுதல், நாளை விளையும் நெல்லை நேற்றைய களத்திலே தேடுதலையொக்கும்.

பெரியபுராணத்தைக் காண்க. திருஞானசம்பந்தர் அவதரித்தபோது கோள்களெல்லாம் உச்சத்தில் நின்றன என்று சேக்கிழார் கூறுகின்றார். அதனால் அன்றோ அவர் தலைவரானார் என்பார், மேலும் சிறிது படித்தல் வேண்டும். மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் அனுப்பிய தூதர் திருமறைக்காட்டுக்கு வந்து மதுரைக்கு அழைத்தபோது, கோள்நிலை நன்றாயில்லை என்று தடுத்தவர் அன்பிற் சிறந்த அப்பரடிகளே. பிள்ளையார் கோளறுபதிகம் பாடி இறைவன்மேற் பாரத்தை வைத்துப் புறப்பட்டனர். பிறப்பில் நின்ற நற்கோள் அவருக்குப் பெருமையைத் தரவுமில்லை. புறப்பாட்டில் நின்ற தீக்கோள் அதனைத் தடுக்கவுமில்லை. அழைத்தவர் துன்பத்தை நோக்கி அபாயமுள்ள இடத்துக்குத் தாம் சென்றமையே தலைமை. நற்கோளைத் தம் புகழுக்குச் சாட்சியாக்குவோர், தீக்கோளைத் தம் சோம்பலுக்குச் சாட்டாக்குவதையே நாம் காண்கின்றோம்.

திருவள்ளுவனாரும் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என இரண்டதிகாரம் இதற்கே வகுத்தனர். அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கினாலும் சோதித்துத் தெளிக என்றனர்; செய்கையே உரைகல் என்றனர். நாளுங் கோளும் அங்கே கூறப்படவில்லை. நம் நாட்டு ஆறுமுகநாவலர் 26 வயது நிரம்புமுன் 1848 ஆம் ஆண்டு மிசன் பாடசாலை உத்தியோகத்தை விட்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். அவரைத் தலைவர் என்று நாம் அறிந்தது சாதகத்தைப் பார்த்தோ? வித்தியாசாலையைப் பார்த்தன்றோ!

ஆதலால் பதவி கொடுக்கும் நிலையிலுள்ளீர், உழைப்பவரின் இராசியை வினவாதீர்கள். அவர் விடுமுறையிற் சென்ற நாளில் வேலை எவ்வாறு நடந்தது, உடனுழைப்போர் இடர்ப்பட்டபோது யாரிடம் சென்றனர், பணம் தனியே கையிலிருந்தபோது கணக்கு எவ்வாறிருந்தது என்று வினவுங்கள். இளைஞர்காள், உங்களிடம் ஒரு பொறுப்பு வரும்போது பஞ்சாங்கத்தைப் புரட்டாதீர்கள். நாளைக் காலை நேரத்துக்குச் செல்லுங்கள். உங்களுக்குக் கீழுள்ளவனுடைய பெயரையும் வீட்டுக் குறையையும் அறிந்துகொள்ளுங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். பன்னிரண்டு இராசிக்கும் பொதுவான சூரியன் ஒருவனே. அவன் உதிக்கும் ஒவ்வொரு நாளும் உங்களுக்கு நன்னாளாகத் திருவருள் துணைசெய்வதாக.

திருச்சிற்றம்பலம்.