காத்தது யார்?

ஜெர்மனியின் நடுப்பகுதியில், ஹார்ட்ஸ் மலையின் வடக்கு அடிவாரத்தில், போடே ஆற்றங்கரையில் க்வெட்லின்பர்க் என்று ஒரு சின்ன நகரம் இருக்கிறது. முப்பதாயிரம் பேர்கூட இல்லாத ஊர். பழைய நகரத்தை ஒரு காலைப் பொழுதில் நடந்தே சுற்றி வந்துவிடலாம். குன்றின் மேல் கோட்டையும் புனித செர்வாசியஸ் தேவாலயமும். அடியில் ஆறு நூற்றாண்டுகளாகக் கட்டப்பட்ட 1300க்கும் மேற்பட்ட மரச்சட்ட வீடுகள், தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. 1994இல் யுனெஸ்கோ இந்த ஊரை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. இதுபோன்ற ஊருக்குச் சுற்றுலா போகிறவர்கள் முதலில் கேட்பது, "இது எத்தனை வருஷப் பழசு?" என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அது பாதிக் கேள்வி. இத்தனை வருஷம் இதைக் காத்தது யார், இதை அழிக்கப் பார்த்தது யார், எப்படித் தப்பியது என்பது மீதிப் பாதி. அதைக் கேட்காமல் திரும்புகிறவர் ஊரின் மேல்தோலை மட்டுமே பார்த்துவிட்டு வருகிறார் என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் கேள்விக்குப் பதில் எளிது. ஊரின் பெயர் ஆவணத்தில் முதன்முதலாக வருவது 922இல். 919இல் அரசரான முதலாம் ஹைன்ரிஷ் 936இல் இறந்தபோது அவரை அடக்கம் செய்தது இந்தக் குன்றின் மேல்தான். அதே ஆண்டில் அவருடைய மனைவி மதில்டா அங்கே உயர்குலப் பெண்களுக்கான மடம் ஒன்றை நிறுவினார். அந்த மடத்தின் தலைவிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, ஏறத்தாழ 900 ஆண்டுகள், அதிகாரத்தோடு இருந்தார்கள். ஜெர்மனியில் மருத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்ணான டொரோத்தேயா எர்க்ஸ்லேபன் 1715இல் பிறந்ததும் இந்த ஊரில்தான். 1754இல் ஹாலே பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் அளித்தது. மடத்துக்கும் அவருக்கும் முடிச்சுப் போட நான் முயலவில்லை. ஆனாலும் இவ்வளவு சின்ன ஊரின் வரலாற்றில் பெண்களுக்கு இத்தனை இடம் இருப்பதைக் கவனிக்காமல் போக முடியாது.

இரண்டாவது கேள்விக்கு ஒரு வீட்டை நெருங்கிப் பார்க்க வேண்டும். வோர்ட்காஸ்ஸே என்ற சந்தில் பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த வீடு ஒன்று இருக்கிறது. இன்று அது மரச்சட்டக் கட்டடக் கலையின் அருங்காட்சியகம். பிற்காலத்து வீடுகளில் ஒவ்வொரு மாடியும் தனிச் சட்டமாகக் கோக்கப்பட்டு, கீழ்மாடியைவிட மேல்மாடி தெருப்பக்கம் சற்றே நீட்டிக்கொண்டிருக்கும். இந்த வீட்டில் அப்படி இல்லை. தூண்கள் தரையிலிருந்து கூரை வரை ஒரே மரமாக எழுந்து நிற்கின்றன. உத்தரத்தின் நுனியைச் செதுக்கி, தூணில் போட்ட துளை வழியாக மறுபக்கம் நீட்டி, மர ஆப்பு அடித்து இறுக்கியிருக்கிறார்கள். அந்த நுனியைத் தெருவில் நின்றே பார்க்கலாம். சட்டங்களுக்கு நடுவே மண் அடைத்துப் பூசிய சுவர். இந்த வீட்டில் 1965 வரை ஆட்கள் குடியிருந்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மரமும் மண்ணும் சேர்ந்த சுவர் தானாக அறுநூறு வருஷம் நிற்காது. தரையோடு படுத்திருக்கும் அடிச்சட்டம் ஈரத்தில் உளுத்துப்போகும், அதை வெட்டியெடுத்துப் புது மரம் கோக்க வேண்டும். ஓடு நகர்ந்தால் அந்த மழைக்காலத்துக்குள்ளேயே சரிசெய்ய வேண்டும். வெடித்த மண்ணை மறுபடி பூச வேண்டும். எந்தப் புத்தகத்திலும் பெயர் இல்லாத குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இந்த வேலையைச் செய்திருக்கின்றன. மன்னர் ஹைன்ரிஷின் கல்லறைக்கு முன்னால் நிற்கிற நேரத்தில் பாதியையாவது இவர்களுக்குக் கொடுப்பது நியாயம்.

"இதெல்லாம் அதிர்ஷ்டம்தானே, யாரும் திட்டமிட்டுக் காக்கவில்லையே" என்று ஒருவர் மறுக்கலாம். அதில் உண்மை இருக்கிறது. சில மைல் தூரத்தில் இருக்கும் ஹால்பர்ஸ்டட் நகரமும் இதே மாதிரி மரச்சட்ட வீடுகள் நிறைந்ததுதான். 1945 ஏப்ரல் 8 அன்று நடந்த விமானக் குண்டுவீச்சில் அதன் பெரும்பகுதி ஒரே நாளில் எரிந்தது. க்வெட்லின்பர்க் பெரிய சேதமில்லாமல் தப்பியது. போருக்குப் பிறகு ஊர் கிழக்கு ஜெர்மனியின் பக்கம் போயிற்று. பழைய வீடுகளை இடித்துவிட்டு அகலமான சதுக்கமும் புதிய கட்டடங்களும் எழுப்பும் திட்டம் அந்த ஆட்சியில் உருவானது. கையில் பணம் இல்லாததால் அது முழுசாக நடக்கவில்லை. ஆனால் வறுமையால் செய்ய முடிந்தது இடிப்பைத் தள்ளிப்போடுவது மட்டும்தான், கூரையைத் தாங்கிப் பிடிக்க அதனால் ஆகாது. பணமில்லாத அதே காலத்தில் வீடுகள் ஒவ்வொன்றாக ஒழுகிச் சரிந்தன, சில தெருக்களில் இடித்துவிட்டு ஆயத்தக் கான்கிரீட் பலகைகளால் புதுக் குடியிருப்புகள் கட்டினார்கள். போலந்தின் தோருன் நகரிலிருந்து வந்த மறுசீரமைப்புக் கைவினைஞர்கள் சில வீடுகளைச் செப்பனிட்டார்கள். ஜெர்மானியப் படைகள் போலந்தை எப்படிச் சிதைத்தன என்று நினைத்துப் பார்த்தால், அந்த உதவியின் எடை விளங்கும். 1989 இலையுதிர்காலத்தில் மக்கள் தெருவில் இறங்கியபோது, மிச்சமிருந்த வீடுகளை இடிக்கும் வேலையும் நின்றது. அதிர்ஷ்டம் ஒரு வாய்ப்பைத் தந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த வாய்ப்பை எடுத்துக்கொண்டு வேலை செய்ய மனிதர்கள் வேண்டியிருந்தது.

காக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் எல்லாரும் காவலர்கள் அல்லர் என்பதையும் இந்த ஊர் காட்டுகிறது. 1936இல், ஹைன்ரிஷ் இறந்த ஆயிரமாவது ஆண்டு என்று, நாஜிகளின் எஸ்.எஸ். படைத் தலைவர் ஹிம்லர் இங்கே பெரிய விழா எடுத்தார். அடுத்த சில ஆண்டுகளில் தேவாலயத்தைச் சபையிடமிருந்து பறித்து, வழிபாட்டை நிறுத்தி, அதை எஸ்.எஸ். படையின் சடங்குக்கூடமாக மாற்றினார்கள். கோதிக் பாணியில் இருந்த பலிபீடப் பகுதியின் உட்புறம் அவர்களுக்குப் போதிய அளவு பழையதாகத் தெரியவில்லை. ஆகவே உள்ளே அதைவிடப் பழைய ரோமனெஸ்க் பாணியில் ஒரு வளைவுச் சுவரைப் புதிதாக எழுப்பினார்கள். இன்றும் அங்கே போகிறவர் இதைத் தன் கண்ணாலேயே சரிபார்க்கலாம். வெளியே நின்றால் கோதிக் கட்டடம் தெரியும், உள்ளே போனால் அது காணாமல் போயிருக்கும். பழமையை வழிபடுவதும் பழமையைக் காப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை. "எத்தனை வருஷப் பழசு" என்று மட்டும் கேட்டு நிறுத்துகிறவரைத்தான் அந்தச் சுவர் ஏமாற்றும்.

அந்தத் தேவாலயத்தின் பொக்கிஷக் கதையும் இதோடு சேர்ந்ததுதான். குண்டுவீச்சுக்குப் பயந்து ஊருக்கு வெளியே ஒரு குகையில் ஒளித்துவைத்திருந்த பழம்பொருள்களில் சிலவற்றை, 1945இல் அங்கே இருந்த ஓர் அமெரிக்கப் படை அதிகாரி எடுத்துத் தபால் மூலம் டெக்சாஸில் இருந்த தன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவற்றில் ஒன்று, ஒன்பதாம் நூற்றாண்டில் தங்க மையால் எழுதப்பட்ட சுவிசேஷப் பிரதி. அவர் இறந்த பிறகு வாரிசுகள் விற்க முயன்றபோதுதான் விஷயம் வெளிவந்தது. பணம் கொடுத்து மீட்கப்பட்ட பொருள்கள் 1993இல் ஊர் வந்து சேர்ந்தன. திருடு போனவற்றில் இரண்டு இன்னும் கிடைக்கவில்லை. கண்ணாடிப் பேழைக்குள் இருப்பதைப் பார்க்கும்போது, இல்லாத அந்த இரண்டையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

"நாங்கள் நாலு நாள் ஓய்வுக்காகப் போகிறோம், எங்கள் தலையில் ஏன் இத்தனை வரலாற்றை ஏற்றுகிறீர்கள்?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. நான் சொல்வது தேர்வுக்குப் படிப்பது போன்ற உழைப்பு அல்ல. ஒரு தெருவில் இரண்டு வீட்டின் அடிச்சட்டத்தை ஒப்பிட்டு, எது பழைய மரம், எது போன வருஷம் போட்டது என்று பார்க்கிற அளவு நிதானம் போதும். அது ஓய்வைக் கெடுக்காது, படம் எடுத்துக்கொண்டே ஓடுவதைவிட அதில் இளைப்பாறுதல் அதிகம். அதே நிதானம், "திரும்பக் கட்டியதெல்லாம் போலி" என்ற அவசரத் தீர்ப்பிலிருந்தும் நம்மைக் காக்கும். பவேரியாவின் ரோதன்பர்க் நகரில் 1945 மார்ச் 31 அன்று குண்டு விழுந்து கிழக்குப் பகுதி நாசமானது. அதைத் திரும்பக் கட்டப் பல நாட்டவரும் நன்கொடை கொடுத்தார்கள், அவர்களின் பெயர் பொறித்த கற்கள் அங்கே நகர மதிலில் பதிக்கப்பட்டிருக்கின்றன. எது எப்போது கட்டப்பட்டது என்பதை மறைக்காதவரை, திரும்பக் கட்டிய சுவரும் நேர்மையான சுவர்தான். க்வெட்லின்பர்க் தேவாலயத்தின் உள்வளைவு பொய்யானது அது புதியது என்பதால் அல்ல, பழையதாக வேஷம் போட்டதால்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. சுற்றுலாவே இந்த ஊர்களைக் கெடுக்கிறது, குடியிருந்த வீடெல்லாம் விடுதியாகவும் நினைவுப் பொருள் கடையாகவும் மாறிவிடுகிறது என்பது. சில ஊர்களில் அது நடக்கத்தான் செய்கிறது. க்வெட்லின்பர்க்கின் நிலைமை வேறு. 1990இல் ஜெர்மனி இணைந்த பிறகு கிழக்கிலிருந்து இளைஞர்கள் வேலை தேடி மேற்கே போனார்கள், இந்த ஊரிலும் மக்கள்தொகை குறைந்தது. ஆளில்லாத மரச்சட்ட வீட்டுக்கு, விடுதியாக மாறிய வீட்டைவிட ஆபத்து அதிகம். ஒழுகும் இடத்தைப் பார்த்துச் சொல்லவே யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் பேருந்தில் வந்து இரண்டு மணி நேரத்தில் கிளம்பிப் போவதற்குப் பதில், இரண்டு இரவு தங்கி, உள்ளூர்க் கடையில் சாப்பிட்டு, அருங்காட்சியகத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்குகிற பயணி, உளுத்த அடிச்சட்டத்தை மாற்றும் தச்சரின் கூலியில் ஒரு சிறு பங்கைக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்.