இரவல் புத்தகம், சொந்தத் துணிவு

"எனக்கென்று யார் இருக்கிறார்கள்? என்னிடம் என்ன இருக்கிறது?" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் இளைஞனே, எழுந்து நில்! கையில் ஒன்றுமே இல்லாதிருந்த ஒருவனின் கதையைக் கேள்.

1832. அமெரிக்காவின் மேற்கு எல்லைப்புறத்தில், இல்லினாய் மாநிலத்தின் நியூ சேலம் என்ற சிற்றூர். 23 வயது ஆபிரகாம் லிங்கன் சட்டமன்றத் தேர்தலில் நிற்கிறான். அவன் பள்ளிக்குப் போன நாள்களையெல்லாம் கூட்டினாலும் ஓராண்டு தேறாது. 13 வேட்பாளர்களில் எட்டாம் இடம். தோல்வி! ஆனால், அவனை அறிந்த நியூ சேலத்தில் பதிவான சுமார் 300 வாக்குகளில் 277 அவனுக்கே விழுந்தன.

கூட்டாக நடத்திய கடை மூழ்கியது. கூட்டாளி இறந்துபோக, மொத்தக் கடனும் இவன் தலையில். பிழைப்புக்கு வைத்திருந்த நில அளவைக் கருவிகளும் ஏலத்துக்குப் போயின. ஒரு நண்பர் ஏலத்தில் எடுத்துத் திருப்பித் தந்தார். லிங்கன் ஊரைவிட்டு ஓடவில்லை. பல ஆண்டுகள் உழைத்துக் கடனை அடைத்தான்.

1834இல் மீண்டும் நின்றான், வென்றான்! தொடர்ந்து நான்கு முறை சட்டமன்றம் சென்றான். சட்டம் படிக்கக் கல்லூரி இல்லை, ஆசிரியர் இல்லை. வழக்கறிஞர் ஜான் டாட் ஸ்டூவர்ட்டிடம் புத்தகங்களை இரவல் வாங்கினான். அதற்காக 20 மைல் தொலைவிலிருந்த ஸ்பிரிங்ஃபீல்டு நகருக்குப் போய்வந்தான். 1836இல் வழக்கறிஞர் உரிமம் கைக்கு வந்தது.

1837இல் சட்டமன்றத்தில் அடிமை ஒழிப்புச் சங்கங்களைக் கண்டிக்கும் தீர்மானத்தை 77 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்தவர்கள் ஆறே பேர். அந்த ஆறு பேரில் லிங்கனும் ஒருவன். அதோடு விட்டானா? அடிமைமுறை அநீதியின்மேல் நிற்கிறது என்று டான் ஸ்டோன் என்ற உறுப்பினருடன் சேர்ந்து அவைக்குறிப்பில் எழுதிவைத்தான். அடுத்த மாதமே இரவல் குதிரையில் வந்து ஸ்பிரிங்ஃபீல்டில் குடியேறியபோது, படுக்கை வாங்க 17 டாலர் அவனிடம் இல்லை. ஜோஷுவா ஸ்பீட் என்ற கடைக்காரர் தன் அறையில் இடம் கொடுத்தார்.

பார்த்தாயா? புத்தகம் இரவல், ஏறிவந்த குதிரை இரவல், படுத்த கட்டிலும் இரவல். 77 பேருக்கு எதிரே நின்ற துணிவு மட்டும் சொந்தம்!

வசதி வரட்டும் என்று காத்திருக்காதே. இல்லாததை இரவல் வாங்கு. வாங்கியதை நாணயமாகத் திருப்பிக் கொடு. துணிவை மட்டும் உனக்கு யாரும் இரவல் தரமுடியாது. அது உன்னிடமே இருக்கிறது. எழு! இன்றே ஒரு புத்தகத்தைத் திற!