நாள் குறிக்கப்படாத வருகை

முல்லைத் திணையின் உரிப்பொருள் இருத்தல். வினைமேற் சென்ற தலைவன் கார்காலத் தொடக்கத்தில் திரும்புவதாகச் சொல்லிப் பிரிகிறான். தலைவி அச்சொல்லையே பற்றுக்கோடாகக் கொண்டு ஆற்றியிருக்கிறாள். அவளுடைய காத்திருப்புக்கு ஓர் எல்லை உண்டு. வானம் இருண்டு முல்லை அரும்பு அவிழ்ந்தால், நாள் வந்துவிட்டது. கிறித்தவ சமயம் ஏறத்தாழ இருபது நூற்றாண்டுகளாகப் போற்றிவரும் எதிர்பார்ப்பும் ஒருவகை இருத்தலே ஆகும். இயேசு பெருமான் மீண்டும் வருவார், மாந்தர்க்கெல்லாம் நீதி வழங்குவார், துயருற்றோர் துயர் தீரும் என்பது அச்சமயத்தார் நம்பிக்கை. ஆயினும் அங்கே கார்காலம் குறிக்கப்படவில்லை.

வருகையின் நாளை வானவரும் அறியார், மகனாகிய தாமும் அறியார், தந்தை ஒருவருக்கே அது தெரியும் என்று இயேசு மொழிந்ததாக மாற்கு நற்செய்தி உரைக்கிறது. அவர் தம் வருகையை மணமகன் வருகையோடு ஒப்பிட்டார்; நெடுந்தொலைவு சென்ற வீட்டுத் தலைவனின் வருகையோடு ஒப்பிட்டார்; நள்ளிரவுக் கள்வனின் வருகையோடும் ஒப்பிட்டார். இறைவனைக் கள்வன் என்பது தமிழ்ப் பத்தி இலக்கியத்துக்குப் புதிதன்று. சம்பந்தர் தம் முதற் பதிகத்திலேயே அவ்வாறு பாடினார். ஆனால் அவர் பாடிய கள்வன் உள்ளத்தைக் கவர்பவன். விவிலியம் கூறும் கள்வனோ, நேரம் சொல்லாமல் வருவதால் கள்வன். வருவது உறுதி எனச் சொன்னவர் வரும் நாளை ஏன் சொல்லவில்லை? சமயக் கோட்பாடு பற்றிய வினாவாகத் தோன்றும் இஃது, அறம் பற்றிய வினாவும் ஆகும்.

அவ்வினா ஏட்டளவில் நில்லாமல் வாழ்க்கைச் சிக்கலாகவே முளைத்த ஊர், மாசிடோனியாவின் துறைமுக நகரமான தெசலோனிக்கா. கி.பி. 50ஆம் ஆண்டையொட்டி அங்கிருந்த சிறு கிறித்தவக் குழுவினர்க்குப் பவுல் எழுதிய திருமுகம், புதிய ஏற்பாட்டு நூல்களுள் மிகப் பழையது என அறிஞர் பலர் கருதுவர். ஆண்டவர் தம் வாழ்நாளிலேயே வந்துவிடுவார் என அம்மக்கள் எதிர்பார்த்திருந்தனர். அதற்குள் சிலர் இறந்துபோயினர். இறந்தவர் அந்நாளைக் காணாமற் போய்விடுவரோ என்று உயிரோடிருந்தோர் கலங்கினர். அவர்களைத் தேற்றிய பவுல், அதே திருமுகத்தில், அமைதியாக வாழ்ந்து சொந்தக் கைகளால் உழைக்குமாறும் அறிவுறுத்தினார். இரண்டாம் திருமுகம் இன்னும் கடிந்து பேசுகிறது. (அதனை எழுதியவர் பவுல்தாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.) அந்நாள் வந்தேவிட்டது என்ற பேச்சுப் பரவியிருந்தது. சிலர் தொழிலைக் கைவிட்டுப் பிறர் அலுவல்களில் தலையிட்டுத் திரிந்தனர். உழைக்க மனமில்லாதவன் உண்ணவும் வேண்டா என்ற கண்டிப்பான நெறி அவர்களை நோக்கியே விதிக்கப்பட்டது. உழைக்க இயலாதவனை அது கூறவில்லை; மனமில்லாதவனையே கூறுகிறது. பவுல் கூடாரம் செய்யும் தொழிலால் பிழைத்தவர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. உலகம் முடியப்போகிறது என்று நம்பிய ஒருவர், கூடாரத் துணியைக் கருத்தாகத் தைத்துக்கொண்டிருந்தார்!

நாளை அறிய முயன்றோர் வரலாறு நெடியது. அவருள் வில்லியம் மில்லரின் கதை தனித்து நோக்கத்தக்கது; ஏனெனில் அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். 1782இல் பிறந்த அவர் அமெரிக்க நாட்டு உழவர். விவிலியத்தை வரிவரியாகப் பயின்றவர். தானியேல் நூலில் வரும் 2,300 நாள்களை ஆண்டுகளாகக் கொண்டு, கி.மு. 457இலிருந்து எண்ணி, 1843ஆம் ஆண்டளவில் கிறித்து வருவார் எனக் கணக்கிட்டார். அவ்வெல்லை கடந்தபின், அவ்வியக்கத்தார் கணக்கைத் திருத்தி 1844 அக்டோபர் 22 என நாளையே குறித்தனர். பல்லாயிரவர் நம்பினர். சிலர் விளைந்த பயிரை அறுக்காமல் விட்டனர். சிலர் கடைகளை மூடினர். அந்நாள் விடிந்தது, பொழுது சாய்ந்தது, நள்ளிரவும் கடந்தது. மறுநாட் காலையில் அவர்கள் அழுத அழுகையைப் பெரும் ஏமாற்றம் என்றே வரலாறு குறிக்கிறது.

குறுந்தொகைத் தோழி ஒருத்தி, காலமல்லாக் காலத்து மழையைக் கார் என மயங்கிக் கொன்றை பூத்துவிட்டது என்று அம்மரத்தின் பேதைமையைப் பழிக்கிறாள். தலைவியை ஆற்றுவிக்க அவள் சொல்லும் சொல் அது. மில்லரைப் பின்பற்றியோரிடத்தில் அது மெய்யாகவே நிகழ்ந்தது. எனினும் அவர்களை எள்ளி நகையாடுவது முறையன்று. மில்லர் தம் கணக்குத் தவறியதை ஒப்புக்கொண்டார். 1849இல் இறக்கும்வரை எதிர்பார்ப்பை மட்டும் விடவில்லை. அவர்தம் பிழை ஆர்வ மிகுதியன்று. அறுவடையை வயலிலேயே விட்டுவிடலாம் என்ற துணிவு, நாள் தெரியும் என்ற எண்ணத்தால்தான் பிறந்தது. நாள் தெரிந்தவனுக்கு நாளைய கடமை இல்லை.

இதற்கு மறுதலையான பிழையும் உண்டு. மத்தேயு நற்செய்தியில் வரும் ஊழியன் ஒருவன், தலைவன் வரத் தாமதமாகும் என எண்ணித் தன்னோடு பணிபுரிவோரை அடிக்கிறான். குடிகாரரோடு கூடிக் குடிக்கிறான். தலைவன் வரவே மாட்டான் என்று அவன் கருதவில்லை; இன்றைக்கு வரமாட்டான் என்றே கருதினான். கொடுமை செய்வதற்கு அவ்வளவு போதுமானதாக இருந்தது. நாள் குறித்தவனும் தாமதம் என்று துணிந்தவனும் எதிரெதிர்த் திசையில் நிற்பவராகத் தோன்றினும், இருவரும் தமக்கு உரியதல்லாத காலத்தைத் தம் உடைமையாக்கிக்கொண்டவர்களே.

இங்கே ஒரு தடை எழும். தலைவன் எந்நேரமும் வரக்கூடும் என அஞ்சி ஒருவன் நல்லவனாக நடப்பானாயின், அது நன்மையாகுமா? தலைமையாசிரியரின் காலடி ஓசை கேட்டு அடங்கும் வகுப்பு ஒழுக்கமுள்ள வகுப்பு ஆகிவிடாது. காவற்காரனுக்கு அஞ்சிய கள்வன் நேர்மையாளன் ஆகான். இத்தடை வலுவானது, எளிதில் தள்ளத்தக்கதன்று. வரும் நாள் மறைந்திருப்பதனால் மக்கள் எப்போதும் விழிப்போடிருப்பர் என்று மட்டும் விடை கூறினால், இறைவனைத் திறமை மிக்க கண்காணியாக்கியதாக முடியும்.

தொடக்ககாலக் கிறித்தவர் தம் வழிபாட்டில் வழங்கிய சொல் ஒன்று இதற்கு வேறு வழி காட்டுகிறது. பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் திருமுகத்தின் முடிவில், கிரேக்க நடைக்கிடையே மாரநாதா என்னும் அரமேயத் தொடர் மொழிபெயர்க்கப்படாமலே நிற்கிறது. அதனை ஒரு விதமாகப் பிரித்தால், எங்கள் ஆண்டவரே வாரும் என்று பொருள்படும். வேறு விதமாகப் பிரித்தால், எங்கள் ஆண்டவர் வந்துவிட்டார் எனப் பொருள்படும். வேண்டுகோளா, அறிவிப்பா என எழுத்தைக்கொண்டு மட்டும் துணிதல் அரிது. இவ்விருபொருள் தற்செயலாக நேர்ந்ததேயாயினும் பொருத்தமுடையது. ஏனெனில் மத்தேயு தீட்டும் இறுதித் தீர்ப்புக் காட்சியும் இதனையே சொல்கிறது. பசித்தோர்க்கு உணவிட்டோரையும், அயலாரை ஏற்றோரையும், சிறைப்பட்டோரைக் கண்டோரையும் அரசர் வாழ்த்துகிறார். அவற்றையெல்லாம் தமக்கே செய்ததாகக் கூறுகிறார். அவர்களோ, உம்மை எப்போது கண்டோம் என வியந்து வினவுகின்றனர். உதவாமற் போனவர்களும் அதே வினாவைத்தான் கேட்கின்றனர். எதிர்பாராமை இருசாரார்க்கும் பொது. நல்லோர் எவரும் அரசர் பார்க்கிறார் என்பதற்காக உணவிடவில்லை. அவர் அங்கிருந்ததே அவர்களுக்குத் தெரியாது. அச்சத்தால் விளைந்த நன்மையாயின் இந்த வியப்புக்கு அங்கே இடமில்லை. தமிழிலும் விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். முன்னறிந்து அழைக்கப்படும் உறவினர் அல்லர், முகமறியாமல் வாயிலில் வந்து நிற்பவரே பழைய வழக்கில் விருந்தினர்.

1780 மே 19ஆம் நாள் நண்பகலில், அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகதியெங்கும் இருள் சூழ்ந்தது. பறவைகள் கூடடைந்தன, வீடுகளில் விளக்கேற்றினர். காட்டுத்தீயின் புகையே அதற்குக் காரணமாகலாம் எனப் பிற்கால ஆய்வாளர் மரவளையங்களைக்கொண்டு கண்டனர். அன்றைய மக்களோ தீர்ப்பு நாள் வந்தது என நடுங்கினர். கனெக்டிகட் சட்டமன்றத்தின் கீழவை கலைந்தது. மேலவையும் கலையலாமா என்று எண்ணியபோது, ஏபிரகாம் டேவன்போர்ட் என்னும் உறுப்பினர் இசையவில்லை. அந்நாள் வரவில்லையெனில் கலைய வேண்டிய தேவையில்லை. வந்துவிட்டதெனில் தம் கடமையில் இருக்கும்போதே காணப்பட விரும்புவதாக அவர் கூறினார். பின்னர், மெழுகுதிரிகளைக் கொண்டுவரும்படி கேட்டுக்கொண்டார்.