வெள்ளியிற் பொறித்த சிறகுகள்

பேலியகொடையில் ஏறிக் கட்டுநாயக்க விமான நிலையம் செல்லும் அதிவேகப் பாதை 2013ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன் வாயிலில் நாள்தோறும் நாம் காண்பது பறக்கப் போகும் மனிதரையே. குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டுப் பணிக்கெனச் செல்லும் பெண்கள். 1983க்குப் பின் கனடாவிற் குடியேறிய மக்களைக் காணப் போகும் முதியோர்.

அந்தக் கனடா, 1990 தொடக்கம் 1999 வரை, தன் விமான வரலாற்றை இருபது டொலர் வெள்ளி நாணயங்களிற் பொறித்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரைப் பங்கு வெள்ளி. அதில் பொன்முலாமிட்ட சிறு வட்டம். வட்டத்துள் விமானத்துறைப் பெரியார் ஒருவரின் முகம். இருபது டொலர் என்று எழுதியிருந்தும் அதைக் கொடுத்து எவரும் ஒரு றாத்தல் பாண் வாங்கார். சேகரிப்போரின் பேழைக்கென்றே பிறந்த காசு அது!

1909 பெப்ரவரி 23இல் உறைந்த ஏரியின் மீதிருந்து எழுந்த ‘சில்வர் டார்ட்’ அவ்வரிசையில் உண்டு. அதனைப் போற்ற நமக்குத் தடையில்லை. மூங்கிலும் உருக்குக் குழாயும் பட்டுத் துணியும் கொண்டு மனிதக் கை ஈட்டிய வெற்றியல்லவா அது?

ஆயின், வரிசை தொடங்கிய 1990இலேயே லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானமும் வெள்ளியில் ஏறிவிட்டது. 1945 பெப்ரவரியில் டிரெஸ்டன் நகரை எரித்த விமானங்கள் அவ்வினத்தவை. மாண்டோர் ஏறத்தாழ 25,000 பேர். நாசிசத்தை முறியடித்த போரின் கருவி அது என்பதை நாம் மறுக்கவில்லை, அப்போர் நியாயமானதே. போர் நியாயமானதாயின் அதில் வீழும் ஒவ்வொரு குண்டும் நியாயமானதாகிவிடுமா? நாணயம் இதனைக் கேட்பதில்லை. அங்கே விமானமும் வீரர் முகமும் உள. கீழே ஊர் இல்லை.

இது பிறநாட்டார் கதை மட்டுமன்று. 1951இல் தோன்றிய நம் நாட்டு விமானப்படையின் பொன்விழாவுக்கு 2001இல் ஒரு ரூபாய் நாணயம் வெளியிடப்பட்டது. அதற்கு ஆறாண்டு முன், 1995 ஜூலை 9இல், நவாலித் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தோர் மீது விமானக் குண்டுகள் வீழ்ந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அங்கே பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அந்நாணயத்தை நீட்ட நம்முள் எவர்க்குத் துணிவுண்டு?

சிறு வட்டத்துள் எல்லாவற்றையும் அடக்க இயலுமா என்பர் நண்பர் சிலர். இயலாதுதான். எனினும் பொன்முகத்துக்கு இடம் கிடைத்ததே! குண்டுக்குக் கீழே நின்றோரும், வயிற்றுப்பாட்டுக்காகப் பறப்போரும் பறத்தலின் வரலாற்றில் சேராரோ?

சென்ற மாதம் ஒரு வைகறை, மூன்று வயது மகனைத் தன் தாயிடம் ஒப்படைத்துவிட்டு விமான நிலைய வானில் ஏறிய பெண்ணொருத்தியை இங்கே கண்டோம். முதன்முறை பறக்கப் போகிறவள். யன்னலூடே தலை நீட்டி, பிள்ளையின் பால்மாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.